மிக்ஸிங் இன்ஜினியர் கேட்ட 17 கேள்விகள்

முதல் பாட்டை மிக்ஸிங்குக்கு, அதாவது தனித்தனியாகப் பதிவு செய்த சத்தங்களை ஒரே பாட்டாகக் கலந்து வாங்குவதற்கு, அனுப்பிய இரவு நிம்மதியாகத் தூங்கினேன். எட்டு மாதமாக வீட்டு அறையில் உட்கார்ந்து இழைத்த பாட்டு. மொத்தம் 43 ட்ராக், ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்கும் தனித்தனிப் பதிவு. எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் அள்ளிப் போட்டு, ஜிப் செய்து, லிங்கை அனுப்பிவிட்டு, இனி அவர் பாடு என்று படுத்துவிட்டேன். மறுநாள் மதியம் மிக்ஸிங் இன்ஜினியரிடமிருந்து பதில் வந்தது. பாட்டு நன்றாக இருக்கிறது என்று ஒரு வரியாவது இருக்கும் என்று ஆசையாகத் திறந்தேன். எண் போட்டு 17 கேள்விகள் இருந்தன.

ஒன்றாவது கேள்வி: 'ஆடியோ 14-03' என்பது என்ன? இரண்டாவது: 'ஆடியோ 14-05' அதே மாதிரி இருக்கிறது, எது வேண்டும், இரண்டுமா? நான்காவது: டெம்போ (பாட்டின் வேகம்) என்ன? ஏழாவது: கிட்டார் எல்லாம் பாட்டு ஆரம்பித்ததுமே ஒன்றாக வருகிறது, அப்படித்தானா? பதினொன்றாவதைப் படித்தபோது முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வெட்கம் வந்தது. ஷேக்கர் ஏன் பாடகியை விடச் சத்தமாக இருக்கிறது?

போனில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, உங்க பாட்டு பாதி கம்ப்யூட்டர்ல இருக்கு, பாதி உங்க தலைக்குள்ள இருக்கு. எனக்கு வந்திருக்கிறது கம்ப்யூட்டர்ல இருக்கற பாதி மட்டும்தான்" என்றார். அதன் பிறகு ஐந்தாறு பாட்டுகள் அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு முறையும் நான் செய்கிற வேலை, தலைக்குள் இருக்கிற அந்தப் பாதியை வெளியே எடுத்து வைப்பதுதான். அதில் எங்கெங்கே சறுக்கினேன், இப்போது எப்படிச் செய்கிறேன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

ஏழாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் பெரிய அபத்தம். ரெக்கார்டிங் செய்யும்போது சாஃப்ட்வேர் ஒவ்வொரு டேக்கையும், அதாவது ஒவ்வொரு முறை வாசித்ததையும் பாடியதையும், ஒரு ஃபைலாகத் தன் ஆடியோ ஃபோல்டரில் சேமிக்கிறது. நான் அந்த ஃபோல்டரில் இருந்ததை எல்லாம் மொத்தமாக எக்ஸ்போர்ட் செய்து அப்படியே தூக்கி அனுப்பியிருந்தேன். அந்த ஃபைல் ஒவ்வொன்றும் நான் ரெக்கார்ட் பட்டனை அழுத்திய கணத்தில் ஆரம்பிக்கும். இரண்டாவது சரணத்து கிட்டார் என் செஷனில் (பாட்டின் மொத்த அமைப்பையும் வைத்திருக்கும் ஃபைல்) 1 நிமிடம் 52 விநாடியில் உட்கார்ந்திருந்தது. அது அங்கே இருக்க வேண்டும் என்ற தகவல் என் செஷன் ஃபைலுக்குள் இருந்ததே தவிர, அந்த ஆடியோ ஃபைலைப் பார்த்தால் தெரியாது. அவர் தன் சாஃப்ட்வேரில் இழுத்துப் போட்டதும் எல்லாம் பூஜ்யத்தில் போய் வரிசையாக நின்றுவிட்டன. நான் வெட்டி ஒட்டியது, ஃபேட் போட்டது எதுவும் போகவில்லை, தூக்கி எறிந்த டேக் எல்லாம் சேர்ந்த ஒரு குப்பைக் கூடைதான் அவருக்குப் போயிருக்கிறது.

செஷனையே அனுப்பியிருக்கலாமே என்று தோன்றும். இரண்டு பேரும் ஒரே சாஃப்ட்வேர், ஒரே வெர்ஷன், ஒரே ப்ளகின்கள் (சாஃப்ட்வேரோடு சேர்த்துக்கொள்ளும் ஒலிக் கருவிகள்) வைத்திருந்தால் சரி. நான் ரீப்பர், அவர் புரோ டூல்ஸ். அதனால் எல்லோருக்கும் பொதுவான ஒரே வழி: ஒவ்வொரு ட்ராக்கும் பாட்டின் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து ஒரே முடிவுப் புள்ளி வரை, தனித்தனி வேவ் ஃபைலாக. கடைசிக் கோரஸில் மட்டும் நான்கு விநாடி வரும் ஒரு மணி ஓசைக்குக்கூட முழுப் பாட்டு நீளத்துக்கு ஃபைல். நடுவில் வெறும் மௌனமாக இருக்கட்டும். எந்த சாஃப்ட்வேரில் போட்டாலும் முதல் கட்டத்தில் வைத்தால் போதும், எல்லாம் தானாக இடத்தில் உட்காரும். முடிவுப் புள்ளியை மட்டும் கொஞ்சம் தாராளமாக வையுங்கள். கடைசி ஸ்வரம் அடங்கி, ரிவெர்ப் (அறைக்குள் ஒலிப்பது போன்ற முழக்கம்) கரைந்து முடிகிற வரை இடம் வேண்டும். என்னுடைய இரண்டாவது பாட்டில் பியானோவின் வால் கத்தரியால் வெட்டினது போல நின்றது இதனால்தான்.

இன்னொன்று, நான் மெசேஜில் 'ஸ்டெம் அனுப்பியிருக்கிறேன்' என்று எழுதியிருந்தேன். ஸ்டெம் என்றால் டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு ஸ்டீரியோ ஃபைல், கிட்டார் எல்லாம் சேர்ந்து ஒன்று, குரல்கள் எல்லாம் சேர்ந்து ஒன்று என்று குழுவாகக் கலந்து கொடுப்பது. ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனியாகக் கொடுத்தால் அது மல்டிட்ராக். பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் ஸ்டெம் என்று சொல்லிவிடுகிறோம். அவருக்கு அது குழப்பம், ஏனென்றால் மிக்ஸிங்குக்குக் கேட்டது மல்டிட்ராக். ஸ்டெம் என்று நம்பித் திறந்தவருக்கு 43 ஃபைல் வந்தால் என்ன நினைப்பார்?

சரி, தொடக்கப் புள்ளி முடிந்தது. அடுத்து, யார் முடிவு செய்வது என்ற விஷயம். 14-03, 14-05 இரண்டும் ஒரே வரியின் இரண்டு டேக்குகள். இரண்டில் எது நல்லது என்று எனக்கே தெரியாததால் இரண்டையும் அனுப்பிவிட்டேன், அவர் பார்த்துக்கொள்வார் என்று. மிக்ஸிங் என்பது கலப்பது. டேக் தேர்ந்தெடுப்பது, வெட்டி ஒட்டி ஒரு முழு டேக் ஆக்குவது, தாளத்தில் விலகியதை நகர்த்துவது, சுருதி சரிசெய்வது எல்லாம் எடிட்டிங். சிலர் இரண்டும் செய்து தருவார்கள், ஆனால் அதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். பேசாமல் அனுப்பினால், அவர் ஒரு டேக்கைத் தேர்ந்தெடுப்பார், அது நமக்குப் பிடிக்காது, அதை மாற்றச் சொல்வோம், அதற்குள் அவர் அந்த டேக்குக்காக ஈக்யூ (கனமான, மெல்லிய ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரெஷன் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்குவது) எல்லாம் போட்டு முடித்திருப்பார்.

நான் இப்போது டேக் முடிவு செய்வதற்கு ஒரு நாள் தனியாக ஒதுக்கிவிடுகிறேன். மற்ற வேலை எதுவும் கலக்காமல். வரி வரியாகக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு, எந்த டேக்கில் சொல் நம்பும்படி இருக்கிறதோ அதை எடுக்கிறேன். சுருதி கொஞ்சம் விலகியிருந்தாலும் பரவாயில்லை, அதைத் திருத்திவிடலாம். சுருதி திருத்தினால் திருத்தியதையும் மூலத்தையும் இரண்டையும் அனுப்புகிறேன், ஏனென்றால் நான் மெலடைன் என்ற சுருதி திருத்தும் சாஃப்ட்வேரில் இழுத்துப் பிடித்த ஒரு இடம் அவர் காதுக்கு உலோகமாகக் கேட்டால், அந்த ஒரு சொல்லுக்கு மூலத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

வெட்டி ஒட்டும் இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அலை உச்சத்தில் இருக்கும்போது வெட்டினால் அங்கே ஒரு சின்ன 'டிக்' வரும். மொத்தப் பாட்டில் கேட்காது. மிக்ஸில் கம்ப்ரெஷன் ஏறி, குரல் முன்னால் வந்ததும் கொசு மாதிரி கேட்கும். ஒவ்வொரு வெட்டிலும் ஐந்து முதல் பத்து மில்லி விநாடிக்கு ஒரு க்ராஸ்ஃபேட், அதாவது ஒன்று மெலிய மற்றது எழும்படி ஒரு கலப்பு, போட்டால் தீர்ந்தது. அதைச் சரிபார்க்க ஒரே வழி ஹெட்போனில் அந்த ட்ராக்கை மட்டும் சோலோ போட்டு முழுதும் கேட்பது. சலிப்பான வேலைதான். ஆனால் சோலோவில்தான் நமக்குத் தெரியாமல் பாட்டுக்குள் குடியிருப்பவர்கள் எல்லாம் வெளியே வருவார்கள்.

அப்படி வந்த ஒன்றைச் சொல்கிறேன். முதல் பாட்டு முடிவில் அகௌஸ்டிக் கிட்டாரில் ஒரு கார்ட் அடித்து அப்படியே அடங்க விட்டிருந்தேன். ஐந்து விநாடி. எனக்குப் பிடித்த இடம். இன்ஜினியரின் பதினாறாவது கேள்வி: கடைசி கார்டில் கடிகாரம் ஓடுகிறதா? சோலோ போட்டுக் கேட்டேன். கிட்டார் மெலிய மெலிய, அடியிலிருந்து டிக், டிக், டிக், டாக் என்று மெட்ரோனோம் எழுந்து வருகிறது. என் ஹெட்போனிலிருந்து கசிந்த க்ளிக். கிட்டார் சத்தமாக இருந்தவரை அதன் நிழலில் ஒளிந்திருந்தது, சத்தம் குறைந்ததும் அம்பலம். அதை எந்த ப்ளகினாலும் சுத்தமாக எடுக்க முடியவில்லை, எடுத்தால் கிட்டாரும் கூடவே போகிறது. கடைசியில் அந்த ஒரு கார்டை மட்டும் மறுபடி வாசித்தேன், க்ளிக்கை அணைத்துவிட்டு. இப்போது பாட்டின் கடைசி அடியோடு க்ளிக் நின்றுவிடும்படி முதலிலேயே அமைத்துவிடுகிறேன். மூடிய வகை ஹெட்போன், அதிலும் சத்தத்தைக் குறைத்து.

இந்த அவமானத்தின் விளைவாக இரண்டாவது பாட்டில் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அடுத்த கோடிக்குப் போனேன். குரல் ட்ராக்கில் வரிகளுக்கு நடுவே இருந்த எல்லாவற்றையும் வெட்டினேன், மூச்சு உட்பட. அவர் கேட்டார்: "ஏன் தம்பி, இவங்க பாட்டு முழுக்க மூச்சே விடலையா?" மூச்சு பாட்டின் பாகம். அடுத்த வரி எப்படி வரப்போகிறது என்று மூச்சே சொல்லிவிடும். அதிகமாக இருந்தால் அவர் குறைத்துக்கொள்வார், இல்லாததை அவரால் கொண்டுவர முடியாது. இருமல், காகிதச் சரசரப்பு, 'இன்னொரு தடவை பாடறேன்' என்ற பேச்சு, ஆம்ப்ளிஃபயர் சும்மா இருக்கும்போது வரும் உறுமல், இவற்றை வெட்டினால் போதும்.

எஃபெக்ட் விஷயத்தில் எனக்கு இன்னமும் தயக்கம் உண்டு. எல்லா ப்ளகினையும் அணைத்துவிட்டு வெறும் ட்ராக் அனுப்புங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்படியே செய்தேன். திரும்பி வந்த முதல் மிக்ஸைக் கேட்டபோது ஏதோ வேறு யாருடைய பாட்டோ போல இருந்தது. இரண்டாவது சரணத்தில் குரல் பழைய டெலிபோன் வழியாக வருவது போல ஒடுங்கி ஒலிக்க வேண்டும். அதன் கடைசிச் சொல் மட்டும் தாளத்தோடு மூன்று முறை எதிரொலித்துப் பின்னால் போக வேண்டும். அந்த எதிரொலிக்காகவே அங்கே இரண்டு தாளச் சுற்று காலி விட்டிருந்தேன். அவருக்கு வந்ததோ காலி இடம் மட்டும். அவர் அதை 'இங்கே கொஞ்சம் வெறுமையாக இருக்கிறதே' என்று பின்னணியில் நீளமாக ஒலிக்கும் 'பேட்' என்ற கீபோர்டு சத்தத்தை உயர்த்தி நிரப்பியிருந்தார். அவர் மேல் என்ன தப்பு?

அதற்குப் பிறகு எனக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு இது. நான் வாசித்த விதத்தையோ பாடிய விதத்தையோ எஃபெக்ட் தீர்மானித்திருந்தால் அதைச் சேர்த்தே அனுப்புவேன். டிலே என்ற எதிரொலி எஃபெக்டோடு சேர்ந்து தாளம் பிடித்த கிட்டார் என்றால் அந்த டிலே வாத்தியத்தின் பாகம், அதை எடுத்தால் வாசிப்பே அர்த்தமில்லாமல் போகும். கேட்கும்போது இனிமையாக இருக்கட்டும் என்று போட்ட ரிவெர்ப், ஒரு பழக்கத்தில் எல்லா ட்ராக்கிலும் போட்ட ஈக்யூ, கம்ப்ரெஸர் எல்லாம் போய்விடும். சந்தேகம் வந்தால் இரண்டும் அனுப்புவேன், எஃபெக்டோடு ஒன்று, எஃபெக்ட் இல்லாமல் ஒன்று, பெயரிலேயே 'வெட்', 'ட்ரை' என்று குறித்து. ரிவெர்ப், டிலே மட்டும் என்றால் இன்னும் நல்ல வழி, குரல் கலக்காத வெறும் எதிரொலியைத் தனி ட்ராக்காகக் கொடுப்பது. அவர் வேண்டிய அளவு கலந்துகொள்வார். எலக்ட்ரிக் கிட்டார் என்றால் ஆம்ப் சிமுலேட்டர் வழியாக வந்த சத்தத்தோடு, கிட்டாரிலிருந்து நேராக வந்த டிஐ ட்ராக்கையும் வைக்கிறேன்.

அளவுகளுக்கு வருவோம். ஷேக்கர் ஏன் கத்தியது என்று தேடியபோது, எக்ஸ்போர்ட் விண்டோவில் 'நார்மலைஸ்' என்ற சின்னப் பெட்டியில் டிக் இருந்தது. அது ஒவ்வொரு ஃபைலின் உச்சத்தையும் தூக்கிப் பூஜ்யம் டெசிபல் என்ற மேல் எல்லையில் கொண்டுபோய் நிறுத்தும். மெல்லிய ஷேக்கரும் அடிவயிற்றிலிருந்து பாடிய கோரஸும் ஒரே உயரம். நான் எட்டு மாதம் பார்த்துப் பார்த்து வைத்த ஏற்றத்தாழ்வு ஒரு டிக்கில் போனது. மறக்காமல் அணையுங்கள். அதே மாதிரி, எல்லா ட்ராக்கும் சேர்ந்து வெளியேறும் மாஸ்டர் ட்ராக்கில் லிமிட்டர் (உச்சத்தை அடக்கும் ப்ளகின்) இருந்தால் அதையும். சில சாஃப்ட்வேரில் தனி ட்ராக் எக்ஸ்போர்ட் ஆகும்போதும் மாஸ்டர் வழியாகவே போகும். அந்த லிமிட்டர் 43 ட்ராக்கும் சேர்ந்து மோதும்போது ஒரு மாதிரி வேலை செய்யும், ஒரே ட்ராக் வரும்போது வேறு மாதிரி. கூட்டினால் பழைய பாட்டு கிடைக்காது.

எவ்வளவு சத்தத்தில் ரெக்கார்ட் செய்வது என்பது பற்றிய பயத்தை 24 பிட் ரெக்கார்டிங் தீர்த்துவிட்டது. ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல். 16 பிட்டுக்கு 96, 24 பிட்டுக்குக் கணக்குப்படி 144 டெசிபல் வீச்சு. அவ்வளவு இடம் இருக்கும்போது சிவப்பு விளக்கை உரசிக்கொண்டு ரெக்கார்ட் செய்ய வேண்டியதே இல்லை. சராசரி மைனஸ் 18 டெசிபல் பக்கமாகவும், உச்சம் மைனஸ் 10 முதல் மைனஸ் 6க்குள்ளும் இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 32 பிட் ஃப்ளோட்டில் சேமித்தால் க்ளிப் ஆகாது, அதாவது உச்சம் முட்டி உடையாது, என்று ஒரு நம்பிக்கை உண்டு. சாஃப்ட்வேருக்கு உள்ளே அது உண்மை. ஆனால் வழக்கமான ஆடியோ இன்டர்ஃபேஸில், மைக்கிலிருந்து உள்ளே வரும்போதே முட்டி உடைந்த சத்தத்தை எந்த ஃபார்மேட்டும் ஒட்ட வைக்காது.

சாம்பிள் ரேட் (ஒரு விநாடிக்குள் ஒலியை எத்தனை முறை அளக்கிறது என்ற எண்) எதுவாக இருந்தாலும், ஆரம்பத்தில் எதில் ரெக்கார்ட் செய்தீர்களோ அதிலேயே அனுப்புங்கள். சிடி காலத்திலிருந்து வந்தது 44.1 கிலோஹெர்ட்ஸ், வீடியோ உலகத்தில் 48. 44.1இல் எடுத்ததை 96 ஆக்கி அனுப்பினால் ஃபைல்தான் பெரிதாகும், சத்தத்தில் புதிதாக எதுவும் வந்துவிடாது. எனக்கு வந்த சிக்கல் கலப்படம். என் செஷன் 48. நண்பர் ஒருவர் அனுப்பிய பெர்கஷன் 44.1. என் சாஃப்ட்வேர் அதைக் கேட்காமலே மாற்றி வாசித்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. அப்படி மாற்றாமல் 44.1 ஃபைலை 48இல் அப்படியே ஓட்டினால் ஏறக்குறைய 9 சதவீதம் வேகமாக ஓடும், சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை அரைச்சுரம் ஏறும். நான்கு நிமிடம் ஓட வேண்டியது 3 நிமிடம் 40 விநாடியில் முடிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்போர்ட்டில் வெளியே எடுத்தால் இந்தப் பிரச்சினை எழாது.

எம்பி3 கதை இதைவிட நுட்பமானது. வேறு ஊரிலிருந்து ஒரு தோழி கோரஸுக்கு ஹார்மனி பாடி அனுப்பினாள். இணையம் மெதுவாக இருந்ததால் எம்பி3 ஆக்கி அனுப்பினாள். போட்டுக் கேட்டேன், பிரமாதமாகப் பாடியிருந்தாள், ஆனால் எல்லா வரியும் இம்மி பின்னால் விழுகிறது. "டேய், நான் க்ளிக் வச்சுத்தான்டா பாடினேன்" என்று அவள் சத்தியம் செய்தாள். உண்மைதான். எம்பி3 ஆக்கும் முறையிலேயே ஃபைலின் ஆரம்பத்தில் கொஞ்சம் மௌனம் சேர்ந்துவிடுகிறது, பொதுவாக ஆயிரத்துச் சொச்சம் சாம்பிள், அதாவது 25 மில்லி விநாடி அளவுக்கு. சில சாஃப்ட்வேர் அதைக் கண்டுபிடித்து வெட்டிவிடும், சில விட்டுவிடும். தனியாகக் கேட்டால் தெரியாத இடைவெளி, மற்ற குரல்களோடு சேர்ந்தால் சோம்பலாகக் கேட்கும். வேவ் அனுப்பச் சொல்லி வாங்கியதும் அச்சாக உட்கார்ந்தது. சத்தத் தரம் குறையும் என்பதற்காக மட்டும் எம்பி3 வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது புதுச் செய்தி.

மோனோவா ஸ்டீரியோவா என்பது சின்ன விஷயம்தான், சுமை பெரிது. ஒரு மைக்கில் எடுத்த குரல் மோனோ. அதை ஸ்டீரியோவாக எக்ஸ்போர்ட் செய்தால் இடதும் வலதும் ஒரே சத்தம் இரண்டு தடவை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி. நான்கு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 35 எம்பி. என் 43 ட்ராக்கையும் ஸ்டீரியோவில் அனுப்பியதில் கிட்டத்தட்ட 3 ஜிபி. அதில் 31 உண்மையில் மோனோ. சரியாகப் பிரித்திருந்தால் 2 ஜிபிக்குள் முடிந்திருக்கும், அவரும் 31 ட்ராக்கை மோனோவாக மாற்றும் வேலையிலிருந்து தப்பித்திருப்பார்.

ஒரே வாத்தியத்துக்கு இரண்டு மைக் வைத்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. நான் கிட்டாருக்கு ஒரு மைக்கைக் கழுத்தும் உடலும் சேருமிடத்திலும், இன்னொன்றைப் பிரிட்ஜ் பக்கமும் வைத்திருந்தேன். ஒரு இடத்தில் தாளம் விலகியிருந்தது. முதல் மைக் ட்ராக்கில் அந்தத் துண்டை நகர்த்திச் சரிசெய்தேன். இரண்டாவதை மறந்துவிட்டேன். அந்த நான்கு தாளச் சுற்றுக்கு மட்டும் கிட்டார் திடீரென்று குழாய்க்குள் வாசிப்பது போல மெலிந்தது. இரண்டு மைக்கும் ஒரே கையசைவின் இரண்டு சாட்சிகள், அவற்றுக்கு நடுவே உள்ள நேர வித்தியாசத்தில்தான் அந்த வாத்தியத்தின் உருவம் இருக்கிறது. சத்தம் ஒரு மில்லி விநாடியில் 34 சென்டிமீட்டர் போகிறது. ஒரு மில்லி விநாடி நகர்த்தினாலே மைக்கை ஒரு அடிக்கு மேல் தள்ளி வைத்தது போல ஆகிவிடும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டையும் ஒரே குழுவாகக் கட்டிப்போட்டுவிட்டு எடிட் செய்வதுதான் வழி. டிரம்ஸ் என்றால் எட்டு, பத்து மைக்குக்கும் இதே விதி.

கீபோர்டில் வாசித்து மென்பொருள் வாத்தியத்தில் ஒலிக்கிற ட்ராக்குகளை ஆடியோவாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும் என்பது தெரிந்ததே. தெரியாமல் இருந்தது இது: நல்ல சாம்பிள் வாத்தியங்கள் ஒரே ஸ்வரத்துக்குப் பல பதிவுகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வாசிக்கும், இயந்திரத்தனமாக இருக்கக் கூடாதென்று. அதனால் ஒவ்வொரு முறை எக்ஸ்போர்ட் செய்யும்போதும் நுணுக்கமாக வேறு வாசிப்பு கிடைக்கலாம். நானே தோராயமாகக் கலந்து வைத்த ரஃப் மிக்ஸில் எனக்குப் பிடித்த ஒரு ஸ்னேர் டிரம் உருட்டல், அனுப்பிய ஃபைலில் இல்லை. அன்றிலிருந்து ஏற்பாடு முடிந்ததுமே ஆடியோவாக மாற்றி, அந்த ஆடியோவை வைத்தே மிச்ச வேலையைப் பார்க்கிறேன். எந்த ஸ்வரம் எப்போது என்ற குறிப்பு மட்டும் இருக்கும் மிடி ஃபைலையும் கூட வைத்து அனுப்பிவிடுகிறேன். டெம்போ நடுவில் மாறுகிற பாட்டு என்றால் அந்த மிடி ஃபைலோடு டெம்போ மாற்றங்களும் அவருக்குப் போய்ச் சேரும், அவர் கட்டங்களை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம்.

பெயர் வைப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்னால் இரண்டு இலக்க எண், பிறகு வாத்தியம், பிறகு இடம். '07 அகௌஸ்டிக் கிட்டார் சரணம் இடது' என்றால் கேட்காமலே புரியும். எண் இருப்பதால் டிரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு, குரல் என்று நான் நினைத்த வரிசையிலேயே திறக்கும். பெயரை ஆங்கில எழுத்திலேயே வைப்பது நல்லது, தமிழில் வைத்த ஃபைல் பெயர் சில சாஃப்ட்வேரில் வெறும் கட்டமாகத் தெரிகிறது. 'ஃபைனல்', 'புது ஃபைனல்' எல்லாம் வேண்டாம். என் முதல் ஃபோல்டரின் பெயர் 'லாஸ்ட் ஃபைனல் 2' என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ரஃப் மிக்ஸை முதல் முறை அனுப்பவே இல்லை. வெட்கம்தான் காரணம். தொழில் தெரிந்தவரிடம் என் அரைகுறைக் கலவையைக் காட்டுவதா என்று. ஆனால் அவர் கேட்டதே அதைத்தான். "உங்க ரஃப் மிக்ஸ் நல்லா இருக்கணும்னு நான் கேக்கல. நீங்க என்ன கேட்டுட்டு இருந்தீங்கன்னு எனக்குத் தெரியணும்" என்றார். எது முன்னால், எது பின்னால், எந்த இடத்தில் குரல் கிசுகிசுக்க வேண்டும் என்பதை நான் பத்து வரி எழுதிச் சொல்வதை விட ரஃப் மிக்ஸ் ஒரே ஓட்டத்தில் சொல்லிவிடுகிறது. பல மாதம் அதையே கேட்டுப் பழகியவனுக்கு அதன் சில கோணல்கள்கூடப் பாட்டின் முகமாக ஆகியிருக்கும், அதையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு மட்டும் எம்பி3 போதும்.

ரெஃபரன்ஸ் பாட்டுகள் என்று முதல் முறை ஒன்பது அனுப்பினேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. இப்போது இரண்டு, ஒவ்வொன்றுக்கும் எதற்காக என்று ஒரு வரி. இதன் பேஸ் எடை பிடிக்கும், இதில் குரல் எவ்வளவு உலர்வாக, காதருகில் இருக்கிறது பாருங்கள், என்ற மாதிரி.

கூடவே ஒரு பக்கக் குறிப்பு. பாட்டின் பெயர், டெம்போ, தாளக் கட்டு, சுருதி, சாம்பிள் ரேட், பாடல் வரிகள், பல்லவியும் சரணமும் எந்த நிமிடத்தில் ஆரம்பிக்கின்றன, பிறகு எனக்குத் தெரிந்த குறைகள். கடைசியில் சொன்னதுதான் அதிகம் பயன்பட்டது. '2 நிமிடம் 10 விநாடியில் பேஸ் ஒரு ஸ்வரம் கரகரக்கிறது, தெரிந்தேதான் விட்டேன்' என்று எழுதிவிட்டால் அதைச் சரிசெய்ய அவர் அரை மணி செலவழிக்க மாட்டார்.

எல்லாம் முடிந்ததும் அனுப்பிவிடத் துடிக்கும். அங்கேதான் ஒரு மணி நேரம் நிற்கிறேன். ஒரு புத்தம் புது செஷன் திறந்து, எக்ஸ்போர்ட் ஆன ஃபைல்களை எல்லாம் பூஜ்யத்தில் போட்டு, எந்த ஃபேடரையும் (ட்ராக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது) தொடாமல் ஓட்டுகிறேன். நான் ஃபேடர், பேன் (இடமா வலமா என்பது) நிலைகளோடு எக்ஸ்போர்ட் செய்திருந்தால் கிட்டத்தட்ட ரஃப் மிக்ஸ் மாதிரியே கேட்க வேண்டும். இன்னும் கறாராகப் பார்க்க ஒரு வித்தை உண்டு. மாஸ்டரில் எதுவும் இல்லாமல் எடுத்த ரஃப் மிக்ஸையும் அதே செஷனில் போட்டு, அதன் போலாரிட்டியை, அதாவது அலையின் மேடு பள்ளத்தை, தலைகீழாக்கினால், இரண்டும் ஒன்றையொன்று அழித்து மௌனமாகிவிட வேண்டும். எது அழியாமல் கேட்கிறதோ அது ஃபைல்களில் விட்டுப்போனது. எஃபெக்டை எடுத்துவிட்டு அனுப்பிய ட்ராக்குகள் இதில் கேட்கத்தான் செய்யும், கோரஸ் எஃபெக்ட் போல ஓடும்போதே மாறுகிறவையும் முழுதாக அழியாது. ஆனால் ஒருமுறை இப்படிச் செய்தபோது மௌனத்துக்கு நடுவே முழுசாக ஒரு டாம்பூரின் மட்டும் ஜல் ஜல் என்று வாசித்துக்கொண்டிருந்தது. அந்த ட்ராக்கை மியூட்டில் வைத்தபடி எக்ஸ்போர்ட் செய்திருக்கிறேன்.

அப்புறம் ஜிப், அப்லோட். அப்லோட் ஆனதை நானே ஒருமுறை டவுன்லோட் செய்து திறந்து பார்க்கிறேன், நடுவில் அறுந்த ஜிப்பை அனுப்பிய அனுபவம் இருப்பதால். லிங்க் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்றும் பார்க்கிறேன். மூல செஷனின் ஒரு பிரதி வேறு டிஸ்கில் இருக்கும்.

போன பாட்டை இப்படித்தான் அனுப்பினேன். 38 ட்ராக். இரண்டு நாள் சத்தமே இல்லை. எனக்குப் பதற்றமாகிவிட்டது, எதையாவது விட்டுவிட்டேனோ என்று குறிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மூன்றாம் நாள் மெசேஜ் வந்தது. ஒரே ஒரு கேள்வி.

"தம்பி, ரெண்டாவது சரணம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, கிட்டார் மைக்குல ஒரு நாற்காலி கிரீச்சுன்னு நகருது. வச்சுக்கவா, எடுத்துடவா?"

சோலோ போட்டுக் கேட்டேன். இருந்தது. நூறு முறை கேட்டும் காதில் விழாத சத்தம், வாசிக்கக் குனியும்போது என் நாற்காலி எழுப்பியது. நாலைந்து முறை திரும்பக் கேட்டுவிட்டு, "இருக்கட்டும் சார்" என்று பதில் போட்டேன்.